மூணு பேருக்கு அடிச்ச கறுப்புக் கோழி

லா பால்மிட்டா,
ஆகஸ்ட் 2003

என் கண்ணு எல்கினுக்கு, அம்மா நூபியா எழுதறேன். மாதா புண்ணியத்துல நான் நடமாடிட்டிருக்கேன், பொகோட்டா குளிர்ல உனக்கும் நெஞ்சுச்சளி வராம இருக்கணும். அப்பாதான் நல்லா இல்லடா. பன்னிரண்டு நாளா ராணுவ முகாம்ல பிடிச்சு வச்சிருக்காங்க.

ஒலிவா அத்தை போய்ச் சேர்ந்தாளே, அவளுக்கு ஒன்பது நாள் ஜெபம். வர்ற அத்தனை பேருக்கும் சாப்பாடு போடணும், இல்லன்னா ஊரே காறித் துப்பும். அதுக்காக அப்பா ரெண்டு மூட்டை அரிசி வாங்கிட்டு வந்தார். வீட்டுக்கு இவ்வளவுதான்னு சோதனைச் சாவடியில அளவு வச்சிருக்கறதை அந்த மனுஷன் துக்கத்துல மறந்துட்டார். காட்டுல அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போடற கொரில்லாப் படைக்குத்தான் அரிசி போகுதுன்னு பிடிச்சுட்டாங்க. நான் ஓடிப்போய், சாவு வீடுய்யான்னு கெஞ்சினா கேப்டன் சிரிக்கிறான். போன மாசம் மூணு பேருக்குக் கறுப்புக் கோழி அடிச்சுப் போட்டியே, அதுல ஒருத்தன் நொண்டி, அதுவும் சாவு வீட்டுச் சாப்பாடான்னு கேட்டான். வந்தவனுங்க கொரில்லாக்கள்தான்டா. துப்பாக்கியோட வாசல்ல நிக்கறவனை விரட்டவா முடியும்? ஓட்டுப் போடக்கூடாதுன்னு அவனுங்க மிரட்டினதையும் மீறி வரிசையில நின்னு ஓட்டுப் போட்டவங்கடா நாங்க. அந்த ஓட்டுல வந்த அரசாங்கம் எங்களையே சந்தேகப்படுது.

யார் போட்டுக்குடுத்திருப்பான்னு யோசிச்சேன். பக்கத்து வீட்டு ருபியேலாதான் கோழி அடிச்ச அன்னைக்கு வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, கோழி எங்கன்னு கேட்டா. ஜெபத்துக்கு வந்தவளை, காட்டிக்குடுத்தவளேன்னு வாசல்லயே வச்சு ஏசிட்டேன். ஊருக்கே ஜெபமாலை சொல்றவ, அழுதுட்டே திரும்பிப் போனா.

முந்தாநாள் துணி அலசறப்போதான் உறைச்சுது. கோழி காணோம்னு மட்டும்தானே அவளுக்குத் தெரியும்! மூணு பேர்னும் ஒருத்தன் நொண்டின்னும் நான் ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விடல, அப்பாவும் சொல்லல. உனக்கு மட்டும்தான் எழுதினேன். கொரில்லாக்களை ராணுவம் அடக்கினதுல கத்துக்கிட்ட பாடம்னு உங்க ஆபீஸ்ல புத்தகம் போடறாங்க, ஊர்ல நடக்கறதை எழுதும்மான்னு நீதானே கேட்ட? பெத்த புள்ள கேக்கறானேன்னு எழுதித் தொலைச்சேன். தபால்ல எவனோ உறையைப் பிரிச்சிருக்கான், அப்படித்தானேடா? அப்படித்தான் இருக்கணும்னு நேத்து பூரா மாதா முன்னால மண்டியிட்டுக் கிடந்தேன்.

இதைக்கூடத் தபால்ல போடல, பாதிரியார் கையில குடுத்தனுப்பறேன். படிச்சதும் அடுப்புல போடு. பதில் எழுதாதே, கிளம்பி வந்து அப்பாவை மீட்டுக்குடு. மாதா உன்னை வழியில காப்பாத்தட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. ருபியேலாகிட்ட மன்னிப்புக் கேக்க நான் இன்னும் போகல. நான் இல்லன்னா வேற யாருன்னு அவ கேட்டா, யார் பேரைடா சொல்லுவேன்?

உன்னைப் பெத்தவ,
நூபியா