கூண்டுக்குள் தெறித்த ரிங்கு

தண்டலம்
8.10.1991

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக எழுத நினைத்து, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் வாசலோடு திரும்பிவிட்டேன். உன் கண்ணைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

"டயரைப் புடிச்சிகினு இருக்கிற ரிங்கு துருப்புடிச்சிகீது, மாத்திடலாம்டா" என்று அன்றைக்கு நம் பஞ்சர் கடையில் நீ சொன்னாய். லாரி டிரைவர் அவசரப்படுத்தினார். நான்தான் காற்றைத் திறந்தேன். ரிங்கு தெறித்து உன் முகத்தில் அடித்து, ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டது.

அதன் பிறகு, சக்கரத்தை உள்ளே வைக்க ஓர் இரும்புக் கூண்டு இல்லாமல் எந்த லாரிச் சக்கரத்துக்கும் காற்று பிடிக்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"கூண்டு இன்னாத்துக்கு? சக்கரம் இன்னா புலியா?" என்று சிரித்தார்.

பத்து நாள் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே கூண்டு செய்ய வெல்டரைக் கூப்பிட்டார்.

நேற்று ஒரு ஜல்லி லாரியின் சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்துக் காற்று பிடித்தேன். பாதியிலேயே ரிங்கு தெறித்து, பெருவிரல் பருமனுள்ள கம்பியை வளைத்துவிட்டு உள்ளேயே விழுந்தது. வெளியே நின்ற யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முதலாளி வளைந்த கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"உன் கூட்டாளிய வரச்சொல்லுப்பா. எந்த ரிங்கு ஆவும், எது ஆவாதுன்னு இனிமே அவனே பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

நீ கழித்துப்போடும் ரிங்கை நான் தொடமாட்டேன், மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வடக்குப்பட்டு வருகிறேன். நீ எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். மனசு வந்தால், திரும்பும்போது கேரியரில் ஏறிக்கொள்.

இப்படிக்கு,
அன்று உன் பேச்சைக் கேட்காதவன்