ஆளில்லாத தோணி

எத்தனை அடித்துக்கொண்டாலும் என் பிரியம் குறையாத காதர் மச்சானுக்கு,

பாம்பனில் எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரி மைமூன் மெல்லத் தேறி வருகிறாள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் இன்னும் மணலுக்குள்தான் கிடக்கிறது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபமும் தீரவில்லை. செத்தவன்மேல் கோபப்பட்டால் பாவமா?

உன் வாப்பாவின் சரக்குத் தோணியைச் சின்னதாகச் செய்து வீட்டில் வைக்க வேண்டும் என்று நீதான் வந்து நின்றாய். நான் படகு கட்டுகிற தச்சன், எனக்கு அது விளையாட்டு மாதிரி. அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குச் சொன்னாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் பொழுது சாயும்வரை பித்தளை அடிக்கோலும் கையுமாக என் உயிரை எடுப்பாய். ஒரே பலகையை, நூலளவு தள்ளிப் போயிற்றென்று ஐந்து தடவை பிய்த்து எறிந்தாய். ஆறாவது தடவை பிய்த்திருந்தால் உளியால் உன் கையைக் கிழித்திருப்பேன். பொம்மைத் தோணிதானே, கொஞ்சம் ரசித்துச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். ரசிக்க நான் வரவில்லை என்றாய்.

சலித்துப்போய்த்தான் அன்றைக்கு அதைச் செய்தேன். மிச்சம் கிடந்த பூவரசுத் துண்டில் கட்டைவிரல் உயரத்துக்கு உன் வாப்பாவைச் செதுக்கி, சுக்கான் பக்கத்தில் உட்கார வைத்தேன். மடித்துக் கட்டிய கைலி, வாய் நிறையச் சிரிப்பு. உங்கள் மார்க்கத்தில் உருவம் செய்து வைக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் இறந்தவர்களுக்குப் படம் வைத்துக் கும்பிடுகிறவன். பார்த்தால் உன் மனம் குளிரும் என்று நினைத்துவிட்டேன்.

நீ உளியை அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்து என் காதோடு சேர்த்து அடித்தாய். ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. நானும் சும்மா விடவில்லை. உன் பிடரியைப் பிடித்துப் பட்டறைப் பலகையில் முகத்தை மோதினேன். முன்பல் பாதி உடைந்து தெறித்தது. இருவரும் கட்டிப் புரண்டதில் தோணி நமக்கு அடியில் நொறுங்கியது, வாப்பாவும்தான்.

“அளவெல்லாம் சரியாப் பாத்து, ஆளில்லாத தோணிய வச்சு என்னலே செய்யப் போறே?” என்று கத்தினேன்.

வாயில் ரத்தத்தோடு நீ சொன்னாய்: “ஆளில்லாமத்தான்லே அது கரை ஒதுங்குச்சு.”

உன் வாப்பா கடலோடு போனது தெரியும். தோணி மட்டும் வெறுமையாய் வந்து சேர்ந்ததையோ, நீ அதைத் தொட்டுப் பார்த்ததையோ சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் என்ன மச்சான்? அப்புறம் ஏழு மாதம் நாம் பேசவில்லை.

புயலில் கடல் தனுஷ்கோடியை அடித்துப் போட்ட ஐந்தாம் நாள், சரக்கு இறக்கப் போயிருந்த உன்னைத் தேடி அங்கே போனேன். மணலில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உப்பும் வெயிலும் தின்ற முகம் எதிலும் நீ இல்லை. ஒவ்வொருவரின் உதட்டையும் விலக்கிப் பார்த்தேன். நான் உடைத்த பல்லை வைத்துத்தான் இது காதர் என்று சொன்னேன். அந்த இடத்திலேயே உன்னை இன்னொரு தடவை அறைய வேண்டும் போல இருந்தது. என்னையும்.

சில மாதம் கழித்து மைமூன் உன் அடிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அண்ணே, நொறுங்குன அந்தத் தோணிய மறுபடி செஞ்சு முடிச்சுக் குடுங்க. அளக்கும்போது வாப்பாவோட பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்குன்னு அவுக சொல்லுவாக,” என்றாள்.

ரசிக்க வரவில்லை என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அந்த நூலளவுச் சண்டைதான் உன் சந்தோஷம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது நானே அளக்கிறேன், நானே பிய்த்து எறிகிறேன். நேற்று ஏழாவது தடவையாக ஒரு பலகையைப் பிய்த்தபோது உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டேன். அப்புறம் வெகுநேரம் அழுதேன்.

தோணி முக்கால்வாசி முடிந்துவிட்டது. சுக்கான் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருக்கிறது. உன் முகம் எனக்கு அச்சாக நினைவிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடுவேன். கை ஊறுகிறது மச்சான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைச் செதுக்க மாட்டேன். ஆளில்லாமலே முடித்து மைமூனிடம் கொடுப்பேன்.

மைமூனுக்கு அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மச்சானுமான
முருகேசன்