பவுடர் டப்பாவில் நூற்றுப் பதினொரு மாத்திரைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. நீயும் சுகம் என்று உன் அண்ணன் சொல்கிறான், உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். முதலில் ஒரு திருத்தம். நான் கொட்டையைக் கடித்துப் புதுப் பல்லை உடைத்துக்கொண்டேன் என்று அவன் உனக்குச் சொன்னது தவறு. பல்லே இன்னும் வைக்கவில்லை, அதைப் பொருத்துவதற்காகத் தாடை எலும்பில் வைத்த திருகாணி மட்டும்தான் இருந்தது. எலும்பு அதைப் பற்றிக்கொள்ள நான்கு மாதம் காத்திருந்து போன செவ்வாய்க்கிழமை போனால், பல் டாக்டர் சாவி போன்ற ஒன்றை வைத்துத் திருப்பியதும் அது கூடவே சுற்றிக் கழன்று வந்துவிட்டது. தன் வேலை பிசகு என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒல்லிதாம்மா, ஆனா ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கம். எலும்பு பிடிக்காததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார். இருக்கலாமாம்! முன்பே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். திருகாணி வைக்கும்முன், கொழுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதாக நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். வீடு வரும்வரை உன் அண்ணன், "அம்மாவுக்குக் கொழுப்புன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். அன்று நான் எழுதிக் கொடுத்தது உண்மை. ஆனால் திருகாணி வைத்த மறுவாரமே, உன் அண்ணி எனக்கு எடுத்து வைக்கும் கொழுப்பு மாத்திரை வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. கேட்டேன். "கம்பெனிதான் வேற அத்தை, மருந்து அதேதான்" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். முகம் பார்த்துச் சொல்லாததை நான் விழுங்குவதில்லை. வாயருகே கொண்டுபோய், உள்ளங்கையில் மறைத்து, பவுடர் டப்பாவில் சேர்த்துவிட்டேன். நேற்று எண்ணினேன், நூற்றுப் பதினொன்று.

மருந்துக்கடையில் நாளெல்லாம் மாத்திரையோடு இருப்பவள் நீ. ஒன்றை இத்துடன் அட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், குப்பைக்கூடையிலிருந்து எடுத்த அதன் உறையும் இருக்கிறது. அதே மருந்துதானா என்று பார். இல்லையென்றால் நான் செய்தது சரி. அதேதான் என்றால் திருகாணி கழன்றதில் என் பங்கும் உண்டு. அதை உன் அண்ணியிடம் நானே சொல்லிக்கொள்வேன், நீ முந்தாதே. கொழுப்பு இறங்கினால்தான் டாக்டர் மறுபடி தாடையைத் துளைப்பாராம். அதுவரை மெல்லுவதெல்லாம் ஒரு பக்கம்தான். இனி வரும் மாத்திரையை விழுங்குவதா, டப்பாவிலேயே சேர்ப்பதா என்று தெரியாமல் இருக்கிறேன்.

நின்றுகொண்டே சாப்பிடாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். போன் வேண்டாம், இங்கே எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். கடிதமாகவே பதில் எழுது.

உன் அம்மா