நனைத்த விரிப்பு

ஐப்பசி 9, வியாழன்

படுத்தா தூக்கம் வரலை. காலையில, நான் வீட்டு வேலை பார்க்கற தோல் மண்டி வெள்ளைக்காரத் துரையோட மகன் பட்டாளத்துக்குக் கிளம்பிட்டான். ஆம்பூர்ல ரயில் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து கப்பல். ஆள் கிளம்பின வீட்டை அன்னைக்குப் பெருக்கக் கூடாதுன்னு நான் துடைப்பத்தைத் தொடலை. சும்மா இருப்பானேன்னு, தோல் வாடை ஏறியிருந்த அவன் விரிப்பைத் துவைச்சுக் கொடியில போட்டேன்.

அதைப் பார்த்ததும் துரைசானி தரையிலேயே உட்கார்ந்துட்டாங்க. அவங்க பிறந்தது சீமையில ஒரு மீன்பிடிக் குப்பம். படகு கிளம்புற நாள்ல அங்கே யாரும் துணி நனைக்க மாட்டாங்களாம். நனைச்சா போனவனைக் கடல் இழுத்துக்குமாம். அவங்க அப்பாவும் ரெண்டு அண்ணன்களும் ஒரே படகில போனாங்களாம். அந்த ஊர் வேதக் கோயில் சுவர்ல அவங்க பேரை வெட்டியிருக்காம். உடம்பு கிடைக்கலை.

"இன்னா வேலை பண்ணிட்டே எஸ்தர்!"

"எங்க ஊர்ல பெருக்கத்தான் கூடாதும்மா. அதான் பெருக்கலை."

என்னையே பார்த்தாங்க. "உங்க வீட்டுல யாராவது பட்டாளம் போனாங்களா?"

"தம்பி போனான்மா."

"அன்னைக்குப் பெருக்கினியா?"

"இல்லம்மா."

"திரும்பி வந்தானா?"

"வந்துட்டான்மா."

அதுக்கப்புறம்தான் நான் நீட்டின டீயைக் கையில வாங்கினாங்க.

தம்பி போன அன்னைக்கு நாங்க யாரும் துடைப்பத்தைத் தொடலை, நிஜம்தான். அவன் செத்த சேதி வந்த அன்னைக்குத்தான் வீட்டைக் கழுவிப் பெருக்கினோம். எடுக்கறதுக்கு உடம்புதான் இல்லை.