என் பெயரில் ஒருவன் வருவான்

சிகாகோ,
4 மார்ச் 1963

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமல் மட்டும்தான், வேறு குறையில்லை.

சனிக்கிழமை நம் ஊர் மெரிடியனில் ‘எல்வுட் பிக்கன்ஸ் பாடுகிறார்’ என்று சுவரொட்டி பார்த்திருப்பாய். பாடப்போவது நானில்லை. என்னை இங்கேயே உட்கார்த்திப் பாட்டு எழுத வைத்துவிட்டு, ரெக்கார்டு கம்பெனி வேறொருவனை என் பெயரில் அனுப்புகிறது. முதலாளி கிரேடியிடம் சண்டை போட்டேன்.

“ரெக்கார்டுல உன் படமே கிடையாது. உன் மூஞ்சி யாருக்குய்யா தெரியும்?” என்றார்.

“எங்கம்மாவுக்குத் தெரியும்.”

“அப்ப அவங்கள டிக்கெட் வாங்க வேணாம்னு சொல்லு.”

அன்று எரிச்சலில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அங்கே வெள்ளைக்காரர் ஓட்டலில் நம் கறுப்பு ஆட்களுக்கு இடமில்லை. பாட வருகிறவர்கள் நம் வீட்டில்தானே தங்குகிறார்கள். அவனும் கதவைத் தட்டி என் பெயரைச் சொல்வான். துடைப்பத்தை எடுத்துவிடாதே, அவனும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவன். திரும்பும்போது அவனிடம் என் கம்பளிக் கோட்டையும் கொஞ்சம் அத்திப்பழ ஜாமையும் கொடுத்தனுப்பு. என்னைவிட நன்றாகப் பாடினானா என்று எழுது. வேண்டாம், எழுதாதே.

ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு என் கட்டிலையே கொடு. நான் அதில் படுத்து இரண்டு வருடமாகிறது. என் பெயராவது ஒரு நாள் நம் வீட்டில் தூங்கட்டும்.

உன் மகன்,
எல்வுட்