அத்தான் பாய்கிற இடம்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய அத்தானுக்கு,

போன இடத்திலும் ஒரு கிற்றாரைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடியதோடு அது தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

உங்கள் மகள் றோசி அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, அப்பா பிழையா விளங்கிக்கொண்டுதான் அப்பிடி வாசிச்சவரோ?" என்றாள். நீங்கள் போகும்போது அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள். இப்போது நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதுகிறாள். உங்கள் கிற்றாரையே வாசிக்கிறாள். உங்களைப் பற்றி இப்படியும் கேட்கிறாள். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு விஷயத்துக்காக உங்களைத் திட்டித் தீர்த்தவன் நான். உங்களுக்காகப் பதில் சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையா, அத்தான்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை நாலு பேர் வாசிக்கப் போகிறார்கள், ஆகவே முதலில் இருந்தே சொல்கிறேன். குறுக்கே பேச இந்த முறை உங்களால் ஏலாது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள். ஆனாலும் வெள்ளைக்காரனுடைய கடற்படை நம்முடைய துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. நீங்கள் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் மின்சார வேலை. கப்பல் புறப்படுகிற அவசரத்தில் ஒரு மாலுமி உங்கள் கையில் ஓர் இசைத்தட்டைத் திணித்துவிட்டுப் போனான். மேலே ஒட்டியிருந்த தாள் உப்புத் தண்ணீரில் ஊறி உரிந்து போயிருந்தது. யார் வாசிக்கிறார்கள், என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. அமெரிக்கக்காரன் என்று மட்டும் மாலுமி சொன்னானாம்.

அதுவரை நமக்குக் கிற்றார் என்றால் பாட்டுக்காரனுக்குப் பின்னால் நின்று ஜங் ஜங் என்று போடுகிற சாமான். அந்த ஆள் அதைச் சாக்சபோனைப் போல முன்னுக்குக் கொண்டுவந்து கதைக்க வைத்திருந்தார். ஒவ்வொரு சுரமாக, மூச்சு விட இடமில்லாமல், நீண்டு நீண்டு போகிற வசனங்கள். தொடங்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே தொடங்குவார். முடிய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் முடிப்பார். என்ன சொல்லப் போகிறார் என்பது அவருக்கே அந்த நிமிடத்தில்தான் தெரியும் போல இருந்தது. உங்களுக்குச் சன்னி பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்த இசைத்தட்டின் நடுவில் ஓர் இடம் வரும். வசனம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஏறி முடிவதற்குள் அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வசனத்தின் நடுவில் போய் நிற்கும். தாளத்தில் இரண்டு அடியும் ஒரு துண்டும் காணாமல் போய்விடும். "பாத்தியே மச்சான், எப்பிடிப் பாயிறான்!" என்று கதிரையை விட்டு எழும்பிக் குதித்தீர்கள்.

"அத்தான், அது தட்டில கீறல்" என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? "கீறல் எண்டால் டிக் எண்டு சத்தம் வரவேணும். எங்க சத்தம்?" என்று என் வாயை அடைத்தீர்கள். சத்தம் எப்படி வரும்? கிராமபோனுக்கு ஊசி கிடைக்காமல் ஈச்சம் முள்ளைச் சீவிப் போட்டுக் கேட்ட வீடு அது. இரும்பு ஊசி கீறலில் இடித்துச் சத்தம் போடும். உங்கள் ஈச்சம் முள் வழுக்கிக்கொண்டு பூனை மாதிரி அடுத்த வரிக்குத் தாண்டிவிடும். இதை அன்றைக்கே விளக்க எனக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் நீங்கள் கேட்டிருக்கப் போவதில்லை.

அந்தப் பாய்ச்சலை அந்த ஒரு பாட்டோடு விட்டீர்களா? நம்முடைய பாண்ட்டில் மூன்று பேர். நீங்கள் கிற்றார். கிண்ணியாவில் இருந்து ஓடம் ஏறி வருகிற காசிம் நானா அக்கோடியன். உங்கள் மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் நான் ட்ரம்ஸ். பைலா ஆட்டப் பாட்டில் பாய்ந்தீர்கள். நத்தார்ப் பாட்டில் பாய்ந்தீர்கள், கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதிப்பேர் மாட்டுத்தொழுவத்திலும் மீதிப்பேர் பெத்லகேம் ஊர் எல்லையிலும் நின்றார்கள். டொக்யாட் கிளாக்கர் ஒருவரின் கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதல் வோல்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதிலும் பாய்ந்தீர்கள். மாப்பிள்ளையின் சப்பாத்து பொம்பிளையின் காலில் ஏறியது. பொம்பிளையின் தகப்பன் என்னைத்தான் முறைத்தார். அடி தவறினால் எல்லாரும் ட்ரம்ஸ்காரனைத்தானே பார்ப்பார்கள்!

நீங்கள் தொடங்கினால் எப்போது முடிப்பீர்கள் என்றும் தெரியாது. காசிம் நானா ஓடத்துறைப் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் அக்கோடியனை இழுப்பார். "தம்பி, உங்கட அத்தான் இண்டைக்கும் நம்மள கடைசி ஓடத்தத் தவற விட வெச்சிருவாரு" என்பார். விட வைத்தீர்கள். அவர் நம்முடைய விறாந்தையில் படுத்தெழும்பிய நாட்களுக்குக் கணக்கில்லை.

"ஒரு தரமாவது முந்தி வாசிச்ச மாதிரி வாசிச்சால் என்ன, அத்தான்?" என்று கேட்டால் உங்களிடம் ஒரு சிரிப்பு இருக்கும். "அதே மாதிரி கேக்கிறதெண்டால் றெக்கோட்டைப் போடு மச்சான். நான் என்னத்துக்கு?" என்பீர்கள். கோபத்தில் பல்லைக் கடிப்பேன். பிறகு எப்படியோ உங்கள் முதுகைப் பார்க்கப் பழகினேன். பாய்வதற்கு முன்னால் உங்கள் இடது தோள் கொஞ்சம் இறங்கும். தோளைக் கண்டதும் கையை நிறுத்தி, அந்தப் பக்கம் போய்ப் பிடிப்பேன். அப்படிப் பிடிக்கிற நாட்களில், சொல்லிவிடுகிறேன், அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. அதற்காக உங்களை மன்னித்தேன் என்று அர்த்தமில்லை.

இவ்வளவு வாசித்தீர்களே, ஒரு துண்டாவது பதிவாகி இருக்கிறதா? யாரோ ஒரு கப்பல்காரர் டேப் றெக்கோடர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைக் கழற்றினீர்கள். திரும்பப் பூட்டியபோது சில சாமான்கள் மிஞ்சின. மனிதர் அழாக்குறையாக அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். றோசி அந்தத் தட்டில் இருந்த உங்கள் பாட்டைக் காசிம் நானாவின் அக்கோடியனைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள், பாய்கிற இடத்தையும் சேர்த்துத்தான். ஹோட்டலில் ஒரு பின்னேரம் வாசித்துக்கொண்டிருந்தபோது தங்க வந்திருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாராம். இந்தப் பாட்டு எனக்குத் தெரியும், ஆனால் நீ வாசிக்கிற மாதிரி இல்லை என்றாராம். ஊருக்குப் போய் மறக்காமல் ஒரு கசெற் அனுப்பியிருந்தார்.

அதில் அந்த அமெரிக்கக்காரரின் பெயரும் இருந்தது, அத்தான். மிக இளம் வயதில் இறந்துபோனாராம். பெயரை இங்கே எழுதமாட்டேன். பெயர் தெரியாமலேயே அவரோடு குடும்பம் நடத்தினீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

கசெற்றைப் போட்டோம். நானும் றோசியும் முன்னால் இருந்தோம். அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அந்த இடம் வந்தது. வசனம் ஏறியது, ஏறி, வளைந்து, ஒழுங்காக இறங்கி வந்து முடிந்தது. பாயவே இல்லை. கையில் செதிலோடு அக்கா வாசலில் வந்து நின்றா. "ஏன், இந்த ஆள் பாயேல்லையே?" என்று கேட்டா. உங்கள் வாசிப்பைக் காது கொடுத்தும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அக்கா!

அலுமாரியில் இருந்த பழைய தட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மயிர் அளவு ஒரு கீறல். றோசி நகத்தால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அப்பா பிழையாக விளங்கிக்கொண்டாரா என்று.

நான் சொன்னது சரி என்று நிரூபணமான நாள் அது. எவ்வளவு காலம் காத்திருந்தேன்! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு. "பிழை எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று பிள்ளையின் மேல் பாய்ந்து விழுந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கோவிக்காதேங்கோ மாமா. ஹோட்டல் டான்ஸுக்கு இதைத்தான் வாசிக்கப்போறன். கசெற்றில இருக்கிற மாதிரி, சரியா வாசிக்கப்போறன்" என்றாள்.

பதிவு ஒன்றும் இல்லை. எழுதி வைத்ததும் இல்லை. நீங்கள் இந்த உலகத்தில் விட்டுப்போனது அந்த ஒரு பாய்ச்சல்தான். அதையும் பிழை என்று உங்கள் மகளே திருத்திவிட்டால், நீங்கள் யாரோ ஒருவரின் பாட்டைத் தப்பாக வாசித்த ஒரு டொக்யாட் எலக்ரீசியன், அவ்வளவுதான். அப்படி முடியவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்ன சொல்லி வாதாடுவது?

பயிற்சிக்குக் காசிம் நானாவும் வந்தார். றோசி நேராக வாசித்தாள். அந்த இடம் வந்ததும் என் கை தானாக நின்று, தாண்டி, அந்தப் பக்கம் போய் விழுந்தது. பார்த்தால் காசிம் நானாவும் அங்கேதான் நிற்கிறார். இரண்டு கிழவர்கள் அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம்.

"மாமா, நேரா அடியுங்கோ."

"ஏலாது பிள்ளை. கை போகுது."

"நானா, நீங்களுமோ?"

"நான் என்ன மகள் செய்யிற? உங்கட வாப்பா இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு போன பாதையெல்லோ இது."

திரும்பத் திரும்ப வாசித்தோம். திரும்பத் திரும்பப் பாய்ந்தோம். கடைசியில் நான் குச்சிகளைக் கீழே வைத்தேன். "ஓம், கொப்பர் பிழையாத்தான் கேட்டவர். ஒரே ஒரு தரம், அந்தத் தட்டில. பிறகு பைலாவிலயும் வோல்ட்ஸிலயும் நத்தார்ப் பாட்டிலயும் கீறல் இருந்ததே? அதெல்லாம் அவரே தெரிஞ்சு பாய்ஞ்சது. நீ விரும்பினமாதிரி வாசி. ஆனால் பிழை எண்டு மட்டும் சொல்லாதை" என்றேன். அவள் தந்தியைத் துடைத்துக் கிற்றாரைப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் டான்ஸ். கடற்கரை ஓரம் சோடி சோடியாக வெள்ளைக்காரர்களும் நம்முடைய ஊர்ச் சனமும். நானும் நானாவும் முதல் நாளே பேசி வைத்திருந்தோம், பிள்ளையின் விருப்பம், பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போவோம் என்று. அந்த இடம் வந்தது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனேன். நானாவும் போனார். தாண்டிவிட்டோம். ஒரு அடியும் தவறவில்லை. அத்தான், அவ்வளவு ஒழுங்காக நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அதற்குப் பிறகு, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு வசனத்தின் நடுவில், அவள் பாய்ந்தாள்.

உங்கள் இடத்தில் அல்ல. அந்த அமெரிக்கக்காரரின் இடத்திலும் அல்ல. தோளும் இறங்கவில்லை, ஓர் அறிகுறியும் தரவில்லை. என் குச்சி வெறும் காற்றில் அடித்தது. ஒரு வெள்ளைக்காரி புருஷனின் காலை மிதித்துவிட்டாள். காசிம் நானா சிரித்த சிரிப்பில் அக்கோடியனுக்குக் காற்றுப் போய்விட்டது. "அடி பாவி!" என்று நான் கத்தியது எல்லாருக்கும் கேட்டிருக்கும். உங்கள் மகள் வாசிப்பதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். "எங்க நிக்கிறியள் மாமா? வாங்கோ!" என்றாள்.

போனேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வரும் வழியில், எங்கே பாயப்போகிறாய் என்று அடுத்த முறையாவது முன்கூட்டிச் சொல் என்று கெஞ்சினேன். தனக்கே தெரியாதாம். உங்கள் தோளைப் படிக்கவே எனக்குப் பாதி ஆயுள் போனது. இனி முதலில் இருந்து இவளுடைய முதுகைப் படிக்க வேண்டும், இந்த வயதில், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு. உங்களுக்கு மனச்சாட்சி இருக்கிறதா, அத்தான்?

ஒரு வாக்குத் தருகிறேன். கை ஓடுகிற மட்டும் அவளுக்குப் பின்னால் நான் இருப்பேன். அவள் எங்கே பாய்ந்தாலும் போய்ப் பிடிப்பேன். திட்டிக்கொண்டுதான் பிடிப்பேன். அன்றைக்கு அவள் பாய்ந்ததை நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் போய்விட்டீர்கள். என் வழக்கு அதுதான். மற்றதெல்லாம் சும்மா.

இப்படிக்கு,
இன்னும் அடி தேடிக்கொண்டிருக்கிற உங்கள் மைத்துனன்,
யோசேப்பு