நிலோஃபரின் இடது காது

நன்னிலம்

அன்பு மகன் சமீருக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பு சுகம்தான், வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. உன் மகள் நிலோஃபருக்குக் காதில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் போனில் சொன்னேன், மற்றதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன், அதனால்தான் லீவு முடிந்து சவூதி தம்மாமுக்குத் திரும்பும் தௌபீக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளையும் மருமகள் ஆமினாவும் கட்டுப் பிரிக்கும்வரை தஞ்சாவூரில் ஆமினாவின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். நான் மட்டும் சம்பா நடவுக்காகத் திரும்பி வந்தேன். பகல் ஆட்களோடு போய்விடுகிறது, பொழுது சாய்ந்தால் ஒரு ஆளுக்கு உலை வைக்க மனசு வராமல் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

வியாதியின் பெயர் கொலஸ்டியட்டோமாவாம், என் வாயில் நுழையவில்லை. கருவிலேயே இடது செவிப்பறைக்குப் பின்னால் கொஞ்சம் தோல் தங்கிப்போய், முத்துப் போல வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை, நமக்கு எப்படித் தெரியும். சளிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா காதில் லைட் அடித்துப் பார்த்ததால் தெரிந்தது. புற்று இல்லை, ஆனால் விட்டுவைத்தால் எலும்பை அரித்துக்கொண்டு உள்ளே போகும் என்றார்கள். காதுக்குப் பின்னால் கீறி எடுத்துவிட்டார்கள், உள்ளே இருக்கும் குட்டி எலும்புகளில் ஒன்றை அது ஏற்கெனவே அரித்திருந்ததாம். மயக்கம் தெளிந்ததும் முகத்து நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிரிக்கச் சொன்னார்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிரித்தாள், நான்தான் அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கேம்ப்பில் வீடியோவுக்கு நெட் இழுக்காது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து குரல் மட்டும் கேட்கிற மாதிரிதான் கூப்பிடுவாய். நான் அவளை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு போனைக் காதில் வைப்பேன். அப்படித் தூக்கினால் அவளுடைய இடது காதுதான் கைக்கு வாகாக வரும். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு "அத்தா பேசவே மாட்றாங்க" என்று தள்ளிவிடுவாள். விட்டுப் போன அத்தா மேல் கோபம், வீம்பு பிடிக்கிறாள் என்று நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. போன பெருநாளில் "எம் பிள்ளைக்கு என்னைய ஞாபகமில்லத்தா" என்று சொல்லி வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு அவளிடம் போனைக் கொடு என்று நீ கேட்டதே இல்லை. ஊருக்கு வராமலே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று தௌபீக் சொன்னான். அவள் உன்னை மறக்கவில்லை சமீர், அந்தக் காதில் உன் குரல் சரியாக விழவே இல்லை. கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் போன்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த வருஷம் மறுபடி திறந்து, மிச்சம் ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் செயற்கை எலும்பு வைப்பார்களாம். அதற்காவது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். நான் கிளம்பும்போது ஆமினா போனில் இருந்த உன் பழைய வாய்ஸ் மெசேஜைப் பிள்ளையின் வலது காதில் வைத்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "இவ்ளோ நாளும் அத்தா பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்களா" என்றாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். வெள்ளிக்கிழமை நான் தஞ்சாவூரில் இருப்பேன், மறக்காமல் கூப்பிடு. இந்தத் தடவை அவளை வலது இடுப்பில் தூக்கிக்கொள்கிறேன்.

உன் அத்தா,
சேக் தாவூது